கோள்களின் பாதை எவ்வளவு நீள்வட்டமானது? மையத்தொலைத்தகவைப் புரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

சூரியக் குடும்பத்தைக் காட்டும் படங்கள் பெரும்பாலும் பக்கவாட்டிலிருந்து சாய்வாகப் பார்ப்பதுபோல் வரையப்படுகின்றன. வட்டமான தட்டைச் சாய்த்துப் பிடித்தால் முட்டை வடிவமாகத் தெரிவதைப் போல, அந்தப் படங்களில் பூமியின் பாதையும் நன்றாக நீண்டு தெரிகிறது. கோள்கள் நீள்வட்டப் பாதையில் சுற்றுகின்றன என்ற வாக்கியமும் அருகிலேயே அச்சாகியிருப்பதால், பூமி ஆண்டின் ஒரு பகுதியில் சூரியனை நெருங்கியும் மற்றொரு பகுதியில் வெகுதூரம் விலகியும் போகிறது என்றும், கோடையும் குளிரும் அதனால்தான் வருகின்றன என்றும் பலர் நம்பிவிடுகிறார்கள். வாக்கியம் சரியானது; படம் மனத்தில் ஏற்றிவிடும் உருவம்தான் தவறானது.

இதைத் திருத்திக்கொள்ள உயர்கணிதம் தேவையில்லை. மையத்தொலைத்தகவு என்ற ஒரே ஓர் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டால் போதும். வட்டத்திற்கு அதன் மதிப்பு 0. நீள்வட்டங்களுக்கு 0-க்கும் 1-க்கும் இடையில் இருக்கும். பாதை எவ்வளவு தட்டையாக நசுங்கியிருக்கிறது என்பதை இந்த எண் நேரடியாகச் சொல்வதாகவே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது முதலில் சொல்வது, சூரியன் பாதையின் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி அமைந்திருக்கிறது என்பதைத்தான். நசுங்கல் அதன் பின்விளைவு. கோள்களைப் பொறுத்தவரை மிகச் சிறிய பின்விளைவு. இந்த வேறுபாட்டைக் கையால் வரைந்து பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

நூலும் இரண்டு ஊசிகளும்

ஒரு தடித்த அட்டை, இரண்டு குண்டூசிகள், இழுத்தால் நீளாத நூல், கூராகச் சீவிய பென்சில், அளவுகோல் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையின் மேல் தாளை விரித்து, இரண்டு ஊசிகளையும் சற்று இடைவெளி விட்டுக் குத்துங்கள். நூலின் இரு முனைகளையும் முடிந்து வளையமாக்கி, ஊசிகளைச் சுற்றிப் போட்டு, பென்சில் முனையால் வளையத்தை இறுக்கி இழுத்தபடியே ஒரு முழுச் சுற்று வாருங்கள். கிடைப்பது நீள்வட்டம். ஊசிகள் இருக்கும் இரண்டு புள்ளிகளும் அதன் குவியங்கள். நீள்வட்டத்தின் மிக நீளமான விட்டத்தில் பாதி அரை நெட்டச்சு எனப்படும். அதற்குச் செங்குத்தான மிகக் குறுகிய விட்டத்தில் பாதி அரைக் குற்றச்சு எனப்படும். மையத்திலிருந்து ஒரு குவியம் வரையுள்ள தொலைவை அரை நெட்டச்சால் வகுத்தால் வருவதே மையத்தொலைத்தகவு.

இப்போது அளவோடு வரையலாம். அரை நெட்டச்சு எல்லாப் படங்களுக்கும் 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஊசிகளுக்கு இடையே விட வேண்டிய இடைவெளி, மையத்தொலைத்தகவை 20 செ.மீட்டரால் பெருக்கினால் வரும் அளவு. நூல் வளையத்தின் மொத்தச் சுற்றளவு அந்த இடைவெளியோடு 20 செ.மீ. சேர்த்த அளவு. பூமியின் மையத்தொலைத்தகவு 0.0167. எனவே ஊசிகளுக்கிடையே 3.3 மி.மீ. இடைவெளி விட வேண்டும், வளையம் 20.3 செ.மீ. இருக்க வேண்டும். இதை வரைந்து முடித்ததும் அளவுகோலை எடுத்து நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அளந்து பாருங்கள். இரண்டு அரையச்சுகளுக்கும் உள்ள வேறுபாடு 0.014 மி.மீ. மட்டுமே, பென்சில் கோட்டின் தடிமனே அதைவிடப் பல மடங்கு பெரியது. கூர்மையான கண்ணுக்கும் அது வட்டமாகத்தான் தெரியும்.

அடுத்து செவ்வாய். மையத்தொலைத்தகவு 0.0934, இடைவெளி 18.7 மி.மீ., வளையம் 21.9 செ.மீ. இந்தப் படத்தைத்தான் நிதானமாகப் பார்க்கச் சொல்வேன். கோடு இன்னமும் வட்டம் போலவே இருக்கிறது. குறுக்கே அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகவே அது உள்வாங்கியிருக்கிறது. ஆனால் ஓர் ஊசியை மட்டும் சூரியனாகக் கொண்டு பார்த்தால், பாதையின் ஒரு முனை அதிலிருந்து 9.07 செ.மீ. தொலைவிலும் எதிர்முனை 10.93 செ.மீ. தொலைவிலும் இருக்கின்றன. இந்த வேறுபாட்டை அளவுகோல் இல்லாமலே காணலாம். வட்டம் போன்ற பாதை, மையத்தில் இல்லாத சூரியன்: கோள்களின் பாதைகளுக்கு இதுவே சரியான மனச்சித்திரம்.

எட்டுக் கோள்களில் மிகுந்த நீள்வட்டம் புதனுடையது. 0.2056 என்ற அதன் மதிப்புக்கு இடைவெளி 41 மி.மீ., வளையம் 24.1 செ.மீ. குறுக்கே 2 மி.மீட்டருக்குச் சற்று மேல் குறைவதால் கூர்ந்து பார்ப்பவர்களுக்கு நசுங்கல் தென்படத் தொடங்கும். பாடப் படங்களில் பூமிக்கு வரையப்படும் வடிவம் புதனுக்குக்கூடப் பொருந்தாது. அத்தகைய வடிவம் வேண்டுமானால் வால்மீன்களிடம் போக வேண்டும். ஹாலி வால்மீனின் மதிப்பு 0.967, அதற்கு ஊசிகளை 19.3 செ.மீ. பிரித்து, 39.3 செ.மீ. வளையம் போட்டால் 20 செ.மீ. நீளமும் 5 செ.மீ. அகலமும் கொண்ட ஒல்லியான பாதை கிடைக்கும். அதில் சூரியன் ஒரு முனையோடு ஏறத்தாழ ஒட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது ஊசி இருக்கும் இடத்தில் என்ன இருக்கிறது என்ற கேள்வி வரைபவர்கள் எல்லோருக்கும் எழும். எதுவும் இல்லை. பூமியின் பாதைக்கு அந்த வெற்றுக் குவியம் சூரியனிலிருந்து சுமார் 50 லட்சம் கி.மீ. தொலைவில் உள்ள வெறும் வெளி. ஆனாலும் அதற்கு ஓர் அழகான பண்பு உண்டு: மையத்தொலைத்தகவு சிறியதாக இருக்கும்போது, வெற்றுக் குவியத்திலிருந்து பார்ப்பவருக்குக் கோள் ஏறக்குறைய சீரான வேகத்தில் கோணத்தைக் கடப்பதாகத் தோன்றும். நீள்வட்டத்தை அறியாத பண்டைய கிரேக்க வானியலாளர் தாலமி, சீரான இயக்கம் தெரியும் ஒரு புள்ளியை மையத்திற்கு அப்பால் தனியாக வைத்துக் கணக்கிட்டும் ஓரளவு சரியான விடைகளைப் பெற முடிந்ததற்கு இதுவே காரணம். இன்னும் ஒரு நுணுக்கம்: கறாராகச் சொன்னால் குவியத்தில் இருப்பது சூரியனும் கோளும் சேர்ந்த நிறை மையம். வியாழனின் நிறை பெரிது என்பதால், அதற்கும் சூரியனுக்குமான நிறை மையம் சூரியனின் மேற்பரப்புக்குச் சற்று வெளியே விழுகிறது. மற்றக் கோள்களுக்கு இந்தத் திருத்தம் பொருட்படுத்தத் தக்கதல்ல.

நசுங்கல் ஏன் இவ்வளவு சிறியது

மையத்திலிருந்து சூரியன் விலகும் அளவு மையத்தொலைத்தகவுக்கு நேர்விகிதத்தில் வளர்கிறது. நசுங்கலோ, சிறிய மதிப்புகளுக்கு, அந்த எண்ணின் வர்க்கத்தில் பாதியாக வளர்கிறது. சிறிய பின்னத்தை வர்க்கமாக்கினால் அது மேலும் சிறுத்துவிடும் என்பதில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. பூமியின் அரை நெட்டச்சு 14.96 கோடி கி.மீ.; அதை 0.0167-ஆல் பெருக்கினால் சூரியனின் விலகல் 25 லட்சம் கி.மீ. என்று கிடைக்கிறது. இது சூரியனின் ஆரத்தைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல். ஆனால் 0.0167-இன் வர்க்கத்தில் பாதி 0.00014 மட்டுமே, எனவே அரைக் குற்றச்சு அரை நெட்டச்சைவிடச் சுமார் 21,000 கி.மீ.தான் குறைவு, அதாவது பூமியின் விட்டத்தைப் போல இரண்டு மடங்குகூட இல்லை. நீள்வட்டம் கண்டுபிடிக்கப்பட இவ்வளவு காலம் ஆனதற்கும் இதுவே காரணம். சூரியனின் இயக்கம் சீரற்றது என்பதைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸ் அறிந்திருந்தார். சூரியன் பூமியைச் சுற்றுவதாகக் கொண்டு, அந்த வட்டத்தின் மையத்திலிருந்து பூமியைத் தள்ளிவைத்து அதை அவர் விளக்கினார். விலகலை எளிதில் காண முடிந்தது. நசுங்கலைக் காணவோ வானியலாளர் டைக்கோ பிராகியின் நுட்பமான செவ்வாய் அளவீடுகளும் அவற்றை ஆராய்ந்த ஜோகன்னஸ் கெப்ளரின் பிடிவாதமும் தேவைப்பட்டன. வட்டத்தை அடிப்படையாகக் கொண்ட கணக்கு, பிராகியின் அளவீட்டோடு 8 கலை, அதாவது நிலவின் தோற்ற விட்டத்தில் நான்கில் ஒரு பங்கு, முரண்பட்டது. அந்த முரண்பாட்டைப் பிழை என்று ஒதுக்க மறுத்துத்தான் கெப்ளர் 1609-இல் நீள்வட்டத்தை அறிவித்தார். செவ்வாய்க்குப் பதிலாக வெள்ளியை அவர் எடுத்திருந்தால், 0.0068 என்ற அதன் மதிப்பில் நசுங்கலைக் கண்டுபிடித்திருக்க வழியே இல்லை.

இரண்டு தொலைவுகளிலிருந்து கணக்கிடுதல்

கோள் சூரியனை மிகவும் நெருங்கும் இடம் அண்மைநிலை. மிகவும் விலகும் இடம் சேய்மைநிலை. இவ்விரு தொலைவுகளும் தெரிந்தால் மையத்தொலைத்தகவைக் காண்பது எளிது: இரண்டின் வேறுபாட்டை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். பூமி ஜனவரித் தொடக்கத்தில் 14.71 கோடி கி.மீ. தொலைவிலும் ஜூலைத் தொடக்கத்தில் 15.21 கோடி கி.மீ. தொலைவிலும் இருக்கிறது. வேறுபாடு 0.50; கூட்டுத்தொகை 29.92, வகுத்தால் 0.0167. புதனுக்கு 4.60 கோடியும் 6.98 கோடியும் என்று எடுத்தால் 2.38-ஐ 11.58-ஆல் வகுத்து 0.2055 பெறலாம். மறுதிசையிலும் போகலாம்: அரை நெட்டச்சை, ஒன்றிலிருந்து மையத்தொலைத்தகவைக் கழித்த எண்ணால் பெருக்கினால் அண்மைத் தொலைவும், ஒன்றோடு கூட்டிய எண்ணால் பெருக்கினால் சேய்மைத் தொலைவும் கிடைக்கும்.

செயற்கைக்கோள்களுக்கு இதே கணக்கைப் போடுகிறவர்கள் அடிக்கடி ஓரிடத்தில் தடுமாறுகிறார்கள். செய்திகளில் தரப்படுவது நிலப்பரப்பிலிருந்து உயரம். கணக்குக்கு வேண்டியது பூமியின் மையத்திலிருந்து தொலைவு. மிக நீண்ட பாதையில் சுற்றும் ஒரு தகவல் தொடர்புச் செயற்கைக்கோள் 500 கி.மீ. உயரத்திற்கும் 39,900 கி.மீ. உயரத்திற்கும் இடையே போய்வருவதாக வைத்துக்கொள்வோம். உயரங்களை அப்படியே போட்டால் 0.975 என்று வால்மீனுக்குரிய மதிப்பு வரும். இரு பக்கமும் பூமியின் ஆரமான 6,371 கி.மீட்டரைச் சேர்த்தால் சரியான விடையான 0.74 வரும்.

நாட்காட்டியிலிருந்தே அளப்பது

தொலைநோக்கி ஏதும் இல்லாமல், நாட்காட்டியை மட்டும் வைத்துக்கொண்டு பூமியின் மையத்தொலைத்தகவைக் கண்டுபிடிக்கலாம். எனக்கு இந்தக் கணக்கின் மேல் தனிப் பற்று உண்டு. கெப்ளரின் இரண்டாம் விதிப்படி, சூரியனையும் கோளையும் இணைக்கும் கோடு சம காலத்தில் சம பரப்பைக் கடக்கிறது. எனவே அருகில் இருக்கும்போது கோள் விரைந்தும் தொலைவில் இருக்கும்போது மெதுவாகவும் செல்கிறது. பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச் 20-க்கும் செப்டம்பர் 22-க்கும் இடையே எத்தனை நாட்கள் என்று எண்ணிப் பாருங்கள்: 186. செப்டம்பர் 22-லிருந்து அடுத்த மார்ச் 20 வரை 179 நாட்கள். இரண்டு பகுதிகளிலும் பூமி கடப்பது 180 பாகைதான். ஆனால் ஜனவரியை உள்ளடக்கிய பகுதியை அது ஒரு வாரம் முன்னதாகவே முடித்துவிடுகிறது.

மணிக்கணக்கையும் சேர்த்தால் இந்த வேறுபாடு சுமார் 7.5 நாள். இதை ஆண்டின் நீளமான 365.25-ஆல் வகுத்து, பை என்னும் எண்ணில் நான்கில் ஒரு பங்கான 0.785-ஆல் பெருக்குங்கள். விடை 0.0161. உண்மை மதிப்பான 0.0167-க்குச் சற்றுக் குறைவாக வருவதற்கும் காரணம் உண்டு. அண்மைநிலை, வட அரைக்கோளத்தில் பகல் மிகக் குறுகியிருக்கும் கதிர்த்திருப்ப நாளில் (டிசம்பர் 21 அல்லது 22) அமையாமல் அதிலிருந்து சுமார் 13 பாகை தள்ளி அமைந்திருக்கிறது. அந்தக் கோணத்தின் கொசைன் மதிப்பான 0.974-ஆல் வகுத்துத் திருத்தினால் 0.0165 வரும். சுவரில் தொங்கும் ஒரு தாளிலிருந்து இவ்வளவு துல்லியம் கிடைப்பது வியப்புக்குரியது.

நிலவுக்கு வேறொரு வழி இருக்கிறது. ஒரே கேமராவில், உருப்பெருக்கத்தை மாற்றாமல், ஓராண்டின் முழுநிலவுகளை எல்லாம் படம் எடுத்து விட்டத்தை அளந்தால், பெரியதற்கும் சிறியதற்கும் நூற்றுக்குப் பத்துக்கு மேல் வேறுபாடு தெரியும். தொலைவு குறையும்போது தோற்ற விட்டம் அதே விகிதத்தில் கூடுவதால், விட்டங்களின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தாலே போதும். நிலவின் சராசரி மதிப்பு 0.055, சூரியனின் ஈர்ப்பு நிலவின் பாதையைத் தொடர்ந்து மாற்றிக்கொண்டிருப்பதால் உங்கள் விடை அதைவிடச் சற்று அதிகமாகவும் வரலாம்.

வேகமும் வெப்பமும்

அண்மைநிலை வேகத்தைச் சேய்மைநிலை வேகத்தால் வகுத்தால் வரும் விகிதம், அந்த இரு தொலைவுகளின் தலைகீழ் விகிதமே. பூமி ஜனவரியில் வினாடிக்கு 30.29 கி.மீட்டரும் ஜூலையில் 29.29 கி.மீட்டரும் செல்கிறது. புதனின் வேகம் 59 கி.மீட்டரிலிருந்து 39 கி.மீட்டராக இறங்குகிறது. சூரிய ஒளியின் செறிவோ தொலைவின் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்தில் மாறுவதால் அதன் ஏற்ற இறக்கம் இன்னும் பெரிது: பூமிக்கு 7 விழுக்காடு, செவ்வாய்க்கு ஏறத்தாழ 45 விழுக்காடு, புதனுக்கு 2.3 மடங்கு.

பூமியின் பருவங்களை உண்டாக்குவது அதன் அச்சின் 23.4 பாகைச் சாய்வு. பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் ஜனவரி, வட அரைக்கோளத்தில் குளிர்காலம். அதே நாளில் தென் அரைக்கோளத்தில் கோடை. தொலைவு மட்டுமே காரணமாக இருந்தால் இரு அரைக்கோளங்களிலும் ஒரே பருவம் அல்லவா இருக்க வேண்டும்? செவ்வாயில் நிலைமை வேறு. அங்கே அச்சுச் சாய்வும் மையத்தொலைத்தகவும் சேர்ந்து வேலை செய்கின்றன. அண்மைநிலை தென் அரைக்கோளத்தின் கோடையை ஒட்டி வருவதால், தெற்கின் கோடை குறுகியதாகவும் கடுமையாகவும் இருக்கிறது. கோள் முழுவதையும் மூடும் பெரும் புழுதிப் புயல்கள் பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான் எழுகின்றன. செவ்வாய் நம்மை நெருங்கும் தொலைவும் இதனால் பெரிதும் மாறுபடுகிறது: 2003 ஆகஸ்டில் அது 5.58 கோடி கி.மீ. வரை நெருங்கியது, 2012 மார்ச்சில் நெருங்கியபோதும் 10 கோடி கி.மீட்டருக்கு அப்பால்தான் இருந்தது.

ஆனால் ஒன்றை மட்டும் மையத்தொலைத்தகவு மாற்றுவதில்லை. ஒரு முறை சுற்றிவர ஆகும் காலம் அரை நெட்டச்சை மட்டுமே பொறுத்தது. பூமியின் அரை நெட்டச்சையே கொண்ட ஒரு வால்மீன் 0.9 மதிப்புள்ள பாதையில் சுற்றினாலும் அதற்கும் ஓராண்டுதான் ஆகும்.

வட்டம் ஏன் அமைவதில்லை

ஒரு குறிப்பிட்ட தொலைவில், சூரியனை நோக்கிய கோட்டுக்குச் செங்குத்தாக, ஒரே ஒரு வேகத்தில் சென்றால்தான் பாதை வட்டமாகும். அதைவிட வேகம் சற்றுக் கூடினால் அந்த இடமே அண்மைநிலையாகி, கோள் எதிர்ப்பக்கத்தில் அதிக தொலைவுக்குப் போகும். அண்மைநிலையில் கோளின் உண்மை வேகத்தை அந்த வட்ட வேகத்தால் வகுத்து, வர்க்கமாக்கி, ஒன்றைக் கழித்தால் மையத்தொலைத்தகவு கிடைக்கும். பூமியின் அண்மைநிலையில் வட்ட வேகம் வினாடிக்கு 30.04 கி.மீ.; உண்மை வேகம் 30.29. கணக்கிட்டுப் பாருங்கள், மீண்டும் 0.0167-தான் வரும். வேகத்தில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லாத மிகுதி, நாம் இதுவரை பேசிய விலகல் முழுவதையும் உண்டாக்கிவிடுகிறது. துல்லியமாக வட்ட வேகத்தில் ஒரு கோள் உருவானாலும் மற்றக் கோள்களின் ஈர்ப்பு அதை அப்படியே இருக்க விடாது. பூமியின் மதிப்பே வியாழன், வெள்ளி முதலிய கோள்களின் இழுப்பால் சுமார் 1 லட்சம், 4 லட்சம் ஆண்டுகள் கொண்ட சுழற்சிகளில் ஏறக்குறைய 0.005-க்கும் 0.06-க்கும் இடையே ஏறி இறங்குகிறது. இப்போது அது குறைந்துகொண்டிருக்கிறது. வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களான புறக்கோள்களில், தாய் விண்மீனுக்கு மிக அருகில் சுற்றும் பலவற்றின் பாதைகளை ஓத விசைகள், அதாவது கோளின் அருகுப் பக்கத்தையும் தொலைப் பக்கத்தையும் வெவ்வேறு வலிமையுடன் இழுக்கும் ஈர்ப்பு, வட்டமாக்கிவிட்டன. அதே சமயம் எச்டி 80606 பி என்ற புறக்கோள் 0.93 மதிப்புள்ள பாதையில் 111 நாட்களுக்கு ஒரு முறை தன் விண்மீனை உரசுவதுபோல் நெருங்கிச் செல்கிறது.

1-ஐத் தாண்டும் மதிப்புகள்

வட்ட வேகத்தைப் போல 1.414 மடங்கு வேகம் இருந்தால் மேற்கண்ட கணக்கில் விடை சரியாக 1 ஆகும். அந்தப் பாதை பரவளையம். அதற்குச் சேய்மைநிலை கிடையாது. அதற்கும் மேலே போனால் அதிபரவளையம்: பொருள் ஒரு முறை வந்து திரும்பிச் சென்றுவிடும். 2017-இல் கண்டறியப்பட்ட ஓமுவாமுவா என்ற விண்பொருளின் மதிப்பு சுமார் 1.2, 2019-இல் வந்த போரிசோவ் வால்மீனின் மதிப்பு சுமார் 3.4, 2025-இல் கண்டறியப்பட்ட அட்லஸ் வால்மீனின் மதிப்பு 6-க்கும் மேல். இவை மூன்றும் வேறு விண்மீன்களிடமிருந்து வந்தவை.

ஆயினும் பட்டியலில் ஒரு வால்மீனுக்கு 1.0002 என்பது போன்ற மதிப்பைக் கண்டால் அதையும் வெளியிலிருந்து வந்ததாகக் கொண்டுவிடக் கூடாது. சூரியக் குடும்பத்தின் வெளி எல்லையிலிருந்து ஏறக்குறைய பரவளையமாக விழும் வால்மீன், வழியில் கோள்களின் ஈர்ப்பால் சிறிது வேகம் பெற்றாலே 1-ஐத் தாண்டிவிடும். சரியாக 1.0000 என்று போட்டிருந்தாலோ, அது பெரும்பாலும் அளந்து பெற்ற மதிப்பாக இருக்காது. புதிதாகக் கண்டறியப்பட்ட வால்மீனுக்குப் போதிய நோக்கல்கள் சேரும்வரை பரவளையம் என்று கொண்டு கணக்கிடுவது வழக்கம். சில வாரங்கள் கழித்து அதே பட்டியலைப் பார்த்தால், நான்காவது ஐந்தாவது தசம இடங்களில் உண்மையான எண்கள் வந்து அமர்ந்திருக்கும்.